குதிரைவாலிக்கு எந்த லத்தீன் பெயரை எழுதுவது?

தே.கல்லுப்பட்டி வாசி:

அனைவருக்கும் வணக்கம். பேரையூர், தே.கல்லுப்பட்டி வட்டாரத்துக் கரிசல் நிலங்களில் மானாவாரியாகக் குதிரைவாலி விதைக்கும் விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்தும் குழுவில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பில் உள்ளன. உமி நீக்கிய குதிரைவாலி அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு வணிகர் முன்வந்திருக்கிறார். விலை, மூட்டை அளவு எல்லாம் பேசி முடித்த பிறகு, பையின் மேல் அச்சிடவும் ஏற்றுமதித் தாள்களில் நிரப்பவும் தானியத்தின் லத்தீன் பெயரைக் கேட்கிறார். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

வணிகர் அனுப்பிய மாதிரிப் படிவத்தில் எக்கினோக்ளோவா எஸ்குலென்டா என்று இருக்கிறது. அரவை ஆலையிலிருந்து வரும் பழைய பைகளில் எக்கினோக்ளோவா க்ரஸ்-கல்லி என்று அச்சிட்டிருக்கிறார்கள். விதை வாங்கும்போது கொடுத்த துண்டறிக்கையிலோ எக்கினோக்ளோவா ஃப்ருமென்டேசியா என்று காண்கிறது. இவை போதாதென்று, இணையத்தில் பரவலாகச் சுற்றி வரும் சிறுதானியப் பட்டியல் ஒன்றில் குதிரைவாலிக்கு நேராக பானிகம் சுமத்ரென்ஸ் என்று போட்டிருக்கிறார்கள்.

இவை நான்கும் ஒரே தானியத்தின் வெவ்வேறு பெயர்களா, அல்லது வெவ்வேறு தானியங்களா? ஒன்றுதான் சரி என்றால், எங்கள் நிலத்தில் விளைவது அதுதான் என்பதை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் நாங்களே சரிபார்த்துக்கொள்ள வழி உண்டா? துண்டறிக்கையில் பெயருக்குப் பின்னால் 'லிங்க்' என்று ஒரு சொல் வருகிறது. அது பெயரின் பகுதியா, அச்சுப்பிழையா என்பதும் விளங்கவில்லை. அச்சகத்துக்கு இந்த வாரம் தாள் போக வேண்டும் என்பதால் தெரிந்தவர்கள் சற்று விரைந்து எழுதினால் உதவியாக இருக்கும்.

பசுமலை தாவரவியல்:

வணக்கம் ஐயா. உங்கள் துண்டறிக்கையில் இருப்பதுதான் சரி: எக்கினோக்ளோவா ஃப்ருமென்டேசியா. மதுரை, விருதுநகர் மாவட்டங்களில் காலங்காலமாக விதைத்து வரும் குதிரைவாலி அதுதான். மற்ற மூன்றும் அதன் மாற்றுப் பெயர்கள் அல்ல. அவை வேறு வேறு செடிகளைக் குறிப்பவை. அவற்றுள் ஒன்று களை.

எளிதாகத் தள்ளக்கூடியதை முதலில் தள்ளிவிடுகிறேன். பானிகம் சுமத்ரென்ஸ் என்பது சாமை. குதிரைவாலிக்கும் அதற்கும் பேரினமே (லத்தீன் பெயரின் முதல் சொல் குறிக்கும் பெரிய குழுவே) வேறு. பழைய வேளாண் நூல்களில் சாமையை பானிகம் மிலியாரே என்று எழுதியிருப்பார்கள். பனிவரகின் பெயரோ பானிகம் மிலியேசியம். இந்த இரண்டும் காதுக்கு ஒன்று போலவே கேட்பதால் சாமைக்கும் பனிவரகுக்கும் பெயரை மாற்றிப் போடுவது பட்டியல்களில் வாடிக்கையாகிவிட்டது. அப்படிப் படியெடுத்துப் படியெடுத்து வந்த பட்டியலில் ஒரு வரி இடம் பெயர்ந்து குதிரைவாலிக்கு எதிரே போய் உட்கார்ந்திருக்கக்கூடும். இத்தகைய பட்டியல்களை நம்பிப் பையை அச்சடிக்க வேண்டாம்.

மீதி மூன்றும் எக்கினோக்ளோவா என்ற ஒரே பேரினத்துக்குள் வருவதால்தான் குழப்பம் அதிகம். இந்தப் பேரினத்தில் மனிதர் பயிராக்கிய முக்கியத் தானியங்கள் இரண்டு. ஒன்று இந்தியாவில் பயிரானது, ஃப்ருமென்டேசியா. மற்றொன்று ஜப்பான், கொரியா, சீனா ஆகிய கிழக்காசிய நாடுகளில் பயிராவது, எஸ்குலென்டா; ஜப்பானியர் அதை ஹியே என்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டையும் 'பார்ன்யார்டு மில்லட்' என்ற ஒரே பெயரில் அழைப்பதால், ஆங்கிலப் பெயரைத் தட்டித் தேடும் எவருக்கும் முதலில் கிடைக்கும் லத்தீன் பெயர் எதுவோ அதுவே படிவத்தில் ஏறிவிடுகிறது. உங்கள் வணிகருக்கும் அதுதான் நேர்ந்திருக்க வேண்டும்.

இரண்டும் ஒன்றின் கிளைகளாக இருக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. இரண்டிலும் குரோமோசோம்கள் 54. கதிரும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. ஆனால் ஜப்பானிய ஆய்வாளர் யபுனோ இவற்றைக் கலப்பினம் செய்து பார்த்து வேறொன்றைக் காட்டினார். நம்முடைய ஃப்ருமென்டேசியாவை எக்கினோக்ளோவா கொலோனா என்ற காட்டுப்புல்லோடு கலந்தால் பிறக்கும் செடி மணி பிடிக்கிறது. ஜப்பானிய எஸ்குலென்டாவை க்ரஸ்-கல்லி என்ற காட்டுப்புல்லோடு கலந்தாலும் அப்படியே. ஆனால் பயிரான இரண்டையும் ஒன்றோடொன்று கலந்தால் வரும் செடி மலடாகிவிடுகிறது. அதாவது, இந்தியாவில் ஒரு காட்டுப்புல்லிலிருந்தும் கிழக்காசியாவில் இன்னொரு காட்டுப்புல்லிலிருந்தும், ஒருவரையொருவர் அறியாத உழவர்கள் தனித்தனியே இரண்டு தானியங்களை உருவாக்கியிருக்கிறார்கள். ஆகவே நம் குதிரைவாலிக்கு ஹியேயின் பெயரைச் சூட்டுவது சிறு எழுத்துப்பிழை போன்றதன்று. நம் உழவர் உருவாக்கிய பயிரின் பிறப்பிடத்தையே கடல் கடந்து மாற்றி எழுதுவதாகும்.

க்ரஸ்-கல்லி என்பது நெல் வயலில் தொல்லை தரும் களை. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதைப் பானிகம் பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். பின்னர் 1812இல் பலிசோ டி போவா என்ற தாவரவியலாளர் எக்கினோக்ளோவாவைத் தனிப் பேரினமாகப் பிரித்தபோது அதுவும் இங்கு வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் நம் குதிரைவாலியை அந்தக் களையின் ஒரு வகையாகக் கருதி 'க்ரஸ்-கல்லி வகை ஃப்ருமென்டேசியா' என்று எழுதியவர்கள் உண்டு. அதில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் படியெடுத்தால் உங்கள் ஆலையின் பையில் இருக்கும் பெயர் கிடைத்துவிடும். உண்ணும் தானியத்தின் பையில் களையின் பெயரை அச்சிட்டு அனுப்பினால், பெறுகிற நாட்டின் தாவரத் தடுப்புக் காப்பு அலுவலர் என்ன நினைப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

'லிங்க்' பற்றி. அது அச்சுப்பிழை அல்ல. பெயரை முறைப்படி வெளியிட்ட ஜெர்மானியத் தாவரவியலாளரின் பெயர் அது. இதற்குப் பின்னால் ஒரு சிறிய வழக்கே இருக்கிறது. சென்னை மாகாணத்துக்கு மருத்துவராக வந்து, சாமல்கோட்டையில் தோட்டம் அமைத்து, பிறகு கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற வில்லியம் ராக்ஸ்பரோதான் நம் குதிரைவாலியை முதலில் விரிவாக விவரித்தவர். அவர் 1815இல் காலமானார். அவருடைய விவரணை 1820இல் செராம்பூரில் அச்சானபோது பானிகம் ஃப்ருமென்டேசியம் என்ற பெயரோடு வெளிவந்தது. ஆனால் அதே பெயரை சாலிஸ்பரி என்பவர் 1796இலேயே பயன்படுத்தி முடித்திருந்தார். தாவரவியல் பெயரிடல் விதிப்படி ஒரு முறை பயன்பட்ட பெயரைப் பின்னால் வருபவர் வேறொன்றுக்கு வைக்க முடியாது. ஆகவே ராக்ஸ்பரோவின் பெயர் செல்லாததாகிவிட்டது. 1827இல் லிங்க் அதை எக்கினோக்ளோவாவில் சேர்த்து எழுதியது புதுப் பெயராகக் கணக்கிடப்பட்டு, அவர் பெயர் மட்டும் பின்னால் நின்றது. சில நூல்களில் ராக்ஸ்பரோவை அடைப்புக்குறிக்குள் இட்டு லிங்கை அடுத்து எழுதியிருப்பார்கள். அது மரியாதைக்குரிய வழக்கம்தான், ஆனால் விதிப்படி லிங்க் மட்டுமே போதும். நேரில் பார்த்து எழுதிய மனிதருக்கு ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் செய்தி.

நீலஅட்டை:

பசுமலை ஆசிரியர் ஐயா சொன்னதற்கு மேல் பெயர் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தாள்களைப் பற்றி மட்டும் சில வரிகள்.

வெளிநாட்டுக்குப் போகும் தானியத்துக்கு வாங்க வேண்டிய தாவர நலச் சான்றிதழில் தாவரவியல் பெயருக்கென்று தனி இடம் உண்டு. விலைப்பட்டியலிலும், பையிலும், அந்தச் சான்றிதழிலும் ஒரே பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று மாறினாலும் விளக்கம் கேட்டுச் சரக்கை நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கிறது. சரியான பெயரை வணிகருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவருடைய மாதிரிப் படிவத்தைத் திருத்தி வாங்கிக்கொண்ட பிறகே அச்சகத்துக்குப் போங்கள்.

அடுத்தது விதை. உங்கள் விவசாயிகள் நீல அட்டை கட்டிய சான்று விதை வாங்கியிருந்தால் அந்த அட்டைகளைக் கிழித்து எறியாமல் சேர்த்து வையுங்கள். ஒத்தக்கடையில் இருக்கும் மதுரை வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட எம்.டி.யு. 1 ஆகட்டும், கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ (கு.வா.) 2 ஆகட்டும், இரண்டும் ஃப்ருமென்டேசியாவின் ரகங்கள். ரகத்தின் பெயர் தெரிந்தால் இனத்தின் பெயர் தானாகவே உறுதியாகிவிடும்.

சேடபட்டி மேற்கு:

நான் விவசாயி. படிப்பு அதிகமில்லை என்றாலும் இந்தப் பயிரோடு பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் சான்று விதை வாங்குவதில்லை. புரட்டாசி மழை இறங்கியதும் வீட்டு விதையையோ பக்கத்துக் காட்டுக்காரரிடம் வாங்கிய விதையையோதான் தெளிக்கிறோம். ஆகவே அட்டையை வைத்து அடையாளம் காணும் வழி எல்லோருக்கும் பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. ஆசிரியர் ஐயா சொல்லும் கொலோனா என்ற காட்டுப்புல் எங்கள் நிலங்களில் தாராளமாக முளைக்கிறது. அதையும் நாங்கள் குதிரைவாலிப் புல் என்றுதான் சொல்வோம். இளம்பயிரில் இரண்டையும் பிரித்தறிவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். களை எடுக்க வரும் பெண்கள், கதிர் தள்ளும்வரை பொறுத்திருந்து பிடுங்குவதே நல்லது என்பார்கள். கதிர் வந்த பிறகு ஐயமே இல்லை. பயிரின் கதிர் தடித்து, கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கமாக அடுக்கி, முற்றும்போது உள்நோக்கி வளைந்து கனத்து நிற்கும். புல்லின் கதிர் மெலிந்து, கிளைகள் விட்டு விட்டு இருக்கும். சிலவற்றில் இலையின் குறுக்கே ஊதா நிறப் பட்டைகளும் காணும். எல்லாவற்றையும் விட முக்கியம், புல்லின் மணி முற்றியவுடன் தானே உதிர்ந்துவிடும். பயிரின் மணி அறுத்துக் களத்தில் போட்டு அடிக்கும்வரை கதிரை விட்டுப் போகாது. கதிரை உள்ளங்கையில் வைத்து இலேசாக உருவிப் பார்த்தாலே போதும். கை நிறைய மணி வந்தால் அது புல்.

என் ஐயம் இதுதான். கலவன் (பயிரோடு கலந்து முளைத்த வேற்றுச் செடிகள்) எடுக்காத நிலத்தில் அறுத்த தானியத்தில் அந்தப் புல்லின் மணியும் கொஞ்சம் கலந்திருக்குமே, அப்போது பையில் ஒரே பெயரைப் போடுவது முறையாகுமா?

தே.கல்லுப்பட்டி வாசி:

மூவருக்கும் நன்றி. வணிகருக்கு எழுதிவிட்டேன். அவர் திருப்பி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார், அவற்றை இங்கே வைக்கிறேன்.

முதலாவது, அவர் பார்த்த ஒரு நூலில் 'எக்கினோக்ளோவா கொலோனா வகை ஃப்ருமென்டேசியா' என்று இருக்கிறதாம். அதுதான் இன்னும் துல்லியமான பெயர் அல்லவா என்கிறார். இரண்டாவது, எங்கள் தானியம் ஹியே அல்ல என்பதைத் தானியத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா என்று கேட்கிறார். பற்றாக்குறை வரும் ஆண்டில் உத்தரகாண்டிலிருந்து ஜங்கோரா (குதிரைவாலிக்கு அங்கே வழங்கும் பெயர்) வாங்கிக் கலந்து அனுப்பலாமா என்ற பேச்சும் எங்கள் குழுவில் நடந்தது. பெயர் ஒன்றுதானே என்ற எண்ணத்தில்தான் அந்தப் பேச்சே எழுந்தது என்பதால் அதையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்.

பசுமலை தாவரவியல்:

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. ஜங்கோரா என்று அங்கே விற்பதில் பெரும்பகுதி நம் ஃப்ருமென்டேசியாவேதான். ஆனால் அந்த மலைப் பகுதிக்கென்று ஜப்பானிய மூலத்திலிருந்து தேர்ந்தெடுத்து வெளியிட்ட ரகமும் அங்கே பயிராகிறது. அது எஸ்குலென்டா. எந்த ரகம் என்று கேட்டு உறுதி செய்யாமல் கலந்தால், நீங்கள் இவ்வளவு கவலைப்பட்டுச் சரியாக அச்சிட்ட பெயர் அந்தப் பைகளுக்குப் பொய்யாகிவிடும். கலக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பற்றாக்குறை ஆண்டில் குறைவாக அனுப்புவதே மேல்.

தானியத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். ஃப்ருமென்டேசியாவின் கதிர் முற்றும்போது பச்சையும் வெளிறிய வைக்கோல் நிறமுமாக இருக்கும்; உமியும் உள்ளுறையும் நீக்கிய மணி வெண்மை சார்ந்தது. எஸ்குலென்டாவின் கதிர் ஊதா கலந்த பழுப்பாக மாறும்; மணியிலும் பழுப்புச் சாயல் உண்டு. ஆனால் ஆலையில் தீட்டித் தவிடு போக்கிய அரிசியில் இந்த நிற வேறுபாடு தேய்ந்துவிடும். ஆகவே வணிகருக்கு மாதிரி அனுப்பும்போது அரிசியோடு, உமியுள்ள தானியத்தையும், வேரோடு பிடுங்கி உலர்த்திய கதிருள்ள செடிகள் சிலவற்றையும் எடுத்து வையுங்கள். செடிகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றி, ஈரமான தாளை நாள்தோறும் மாற்றினால் ஒரு வாரத்தில் நன்றாக உலர்ந்துவிடும். ஒவ்வொன்றுடனும் ஊர், நிலம், அறுத்த நாள் எழுதிய சீட்டு இருக்கட்டும். பின்னால் எவராவது பெயரைப் பற்றிக் கேள்வி எழுப்பினால், அரிசியை விட அந்த உலர்ந்த செடிதான் உங்களுக்குச் சாட்சி.

சாமை கலந்திருக்குமோ என்ற ஐயம் வந்தால் நிலத்திலேயே தீர்த்துக்கொள்ள எளிய வழி உண்டு. ஒரு இலையைத் தண்டிலிருந்து மெல்லப் பின்னுக்கு வளைத்து, இலையும் தண்டைச் சுற்றிய உறையும் சேரும் இடத்தின் உட்புறத்தைப் பாருங்கள். நெல்லில் அங்கே மெல்லிய சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும். சாமையில் குட்டையான மயிர் விளிம்பு தெரியும். குதிரைவாலியில் அந்த இடம் மழமழவென்று வெறுமையாக இருக்கும். எங்கள் மாணவர்களுக்கு வகுப்பறையில் எத்தனை முறை சொன்னாலும் பதியாத இது, வயலில் ஒரு முறை காட்டியதும் மறப்பதில்லை. ஆனால் இந்த அடையாளம் குதிரைவாலியையும் கொலோனாவையும் பிரிக்க உதவாது, இரண்டிலுமே அந்த இடம் வெறுமைதான். அதற்குச் சேடபட்டி நண்பர் சொன்ன கதிர் அடையாளமும் மணி உதிர்வுமே உரிய வழிகள். தாவரவியல் நூல்களும் அவர் சொன்னதைத்தான் சொல்கின்றன.

அவருடைய ஐயத்துக்கும் அதிலேயே விடை இருக்கிறது. காட்டுப்புல் தன் மணியை அறுவடைக்கு முன்பே பெரும்பாலும் உதிர்த்துவிடுவதால் களத்துக்கு வந்து சேருவது கொஞ்சமே. வந்ததும் சிறுத்திருப்பதால் தூற்றும்போதும் சலிக்கும்போதும் பெரும்பகுதி போய்விடும். பையில் எழுதும் பெயர் பயிரிட்ட தானியத்துக்கு உரியது. அதோடு கலந்து வரும் புல் மணிகள் தூய்மைக் கணக்கில் பிற பொருள்களாகச் சேருமே தவிரப் பெயரை மாற்றாது. ஆனால் கலவன் எடுப்பதை இதற்காகத் தளர்த்த வேண்டாம் ஐயா. உதிர்ந்த அந்த மணிகள்தான் அடுத்த புரட்டாசியில் உங்கள் நிலத்திலேயே முளைக்கும்.

இனி, 'கொலோனா வகை ஃப்ருமென்டேசியா' பற்றி. அந்தப் பெயரும் முறையாக வெளியானதுதான். அதை எழுதியவர்கள் அறியாமையால் எழுதவில்லை. பயிரும் காட்டுப்புல்லும் கலந்து மணி பிடிக்கின்றன என்பதால் இரண்டையும் ஒரே இனமாகக் கொண்டு, பயிரை அதன் ஒரு வகையாக வைப்பது ஒரு பார்வை. நானே இளவயதில் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தேன். ஆனால் மணி உதிராத கதிர், தடித்த கிளைகள், உழவன் கையின்றிப் பெருக முடியாத வாழ்க்கை ஆகியவற்றைக் கருதிப் பயிரைத் தனி இனமாக வைப்பதே இன்று பெருவழக்கு. 1983இல் டி வெட் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் பயிர்க் குதிரைவாலிக்குள் ஸ்டோலோனிஃபெரா, இன்டர்மீடியா, ரோபஸ்டா, லாக்ஸா என நான்கு குலங்களைப் (உட்பிரிவுகளைப்) பிரித்துக் காட்டியபோது பயிரைக் கொலோனாவுக்குள்ளேயே வைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் விதைத் துண்டறிக்கையும் பெருவழக்கைப் பின்பற்றித் தனி இனமாகவே எழுதுகிறது என்பதால், வணிகத் தாள்களில் அதையே பின்பற்றுவது வசதி. தாவரவியலாளர்களுக்குள் நடக்கும் வாதத்தை உங்கள் பையின் மேல் ஏற்ற வேண்டிய தேவையில்லை.

பெயர்கள் மாறிக்கொண்டேதான் இருக்கும் என்பதையும் வணிகரிடம் சொல்லி வையுங்கள். கம்பையே பாருங்கள்: பென்னிசிட்டம் டைஃபாய்டஸ் என்று படித்த தலைமுறை பென்னிசிட்டம் கிளாக்கம் என்று கற்பித்தது, 2010இல் அதை சென்க்ரஸ் பேரினத்துக்கு மாற்றி சென்க்ரஸ் அமெரிக்கானஸ் என்றார்கள். இவற்றில் பழையதை எழுதினாலும் அது கம்பையே குறிக்கும் என்பதால் பெரிய தீங்கில்லை. உங்கள் சிக்கல் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. எஸ்குலென்டா என்று எழுதினால் அது எந்தக் காலத்திலும் உங்கள் தானியத்தைக் குறிக்காது.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது: பேரினப் பெயரின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து, இனப் பெயர் முழுவதும் சிறிய எழுத்து, இரண்டும் சாய்வெழுத்தில், லிங்க் என்பது மட்டும் நேரெழுத்தில். இடம் போதவில்லையென்றால் லிங்கைப் பையில் விட்டுவிடலாம். சான்றிதழ்த் தாளில் மட்டும் இருந்தால் போதும். குதிரைவாலி என்ற தமிழ்ப் பெயரை மேலே பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

நீலஅட்டை:

ஒரு சிறு சேர்க்கை. அச்சடிப்பதற்கு முன் பார்வைப்படியைத் தாளில் வாங்கி, கணினித் திரையில் பார்க்காமல் எழுத்து எழுத்தாகக் கையில் வைத்துச் சரிபாருங்கள். ஃப்ருமென்டேசியாவை அச்சுக் கோப்பவர்கள், பழக்கப்பட்ட வேறு ஆங்கிலச் சொல்லாகத் தாங்களாகவே 'திருத்தி'விடுவதைப் பல பைகளில் பார்த்திருக்கிறேன்.